பில்ட் லொக்கில ரெண்டு ஓ: முட்டுப்படுற ஒப்ஷன்களால வாற வில்லங்கம்

போன நல்லூர்த் திருவிழா நேரம் கோயிலடியில இருக்கிற ஒரு கடைக்கு நாங்கள் சி மொழியில செய்து குடுத்த பில் போடுற சொஃப்ட்வெயார், அப்டேட் போட்ட நாளில இருந்து இழுபடத் தொடங்கிட்டுது, 25 நாளும் சனம் நெரியிற இடம், ஒரு பில்லுக்கு ஆக்கள் காவல் நிக்க வேண்டி வந்திது. கடைக்கார அண்ணை கோவிக்கேல்லை, "தம்பி, இதை ஒருக்கா பாருமன்" எண்டு மட்டும் சொன்னார். எனக்கு அதுதான் கூட வலிச்சது.

புரோகிராமில பெரிசா ஒண்டும் மாத்தேல்லை. ரெண்டு நாள் தேடி, கடைசியில பில்ட் லொக்கை, அதாவது புரோகிராமைக் கட்டேக்க ஓடின கட்டளையளின்ர பதிவை, முழுசா இறக்கிப் பாத்தா ஒரே வரியில மைனஸ் ஓ2 (-O2, வேகமா ஓடுற மாதிரிக் கட்டு) இருக்கு, கொஞ்சம் தள்ளி மைனஸ் ஓ0 (-O0, வேகப்படுத்தாமக் கட்டு) இருக்கு. டெபியன் லினக்ஸுக்குப் பக்கேஜ் கட்டேக்க ஓ2 தன்ர பாட்டில வரும், எங்கட பொடியன் ஒராள் டிபக் பண்ணவெண்டு, கட்டுற விதத்தை எழுதி வைக்கிற மேக்ஃபைலில ஓ0 சேத்திட்டு எடுக்க மறந்திட்டான், நானும் லொக்கைப் பாக்காம அனுப்பிட்டன். சி புரோகிராமைக் கட்டுற ஜிசிசி கொம்பைலர் வோர்னிங் ஒண்டும் தராது, கடைசியா வந்த ஓவைத்தான் எடுக்கும், மனுவலில தெளிவா எழுதிக் கிடக்கு.

முரண்பட்ட ரெண்டைக் குடுத்தா என்ன நடக்குமெண்டது டூலுக்கு டூல் வேற. ஃபைல்களை ஒண்டாக் கட்டுற டாரிட்ட கட்டு எண்டும் அவிழ் எண்டும் ஒண்டாச் சொன்னா ஏலாதெண்டு நிண்டிடும். ஆட்டோகொன்ஃபில வாற, கட்ட முதல் மெசினுக்கேத்த மாதிரி அமைக்கிற கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட், ஒரே வசதிக்கு எனேபிளும் (போடு) டிஸேபிளும் (நிப்பாட்டு) சேந்து வந்தா கடைசியை எடுக்கும், பேரில எழுத்துப்பிழை விட்டா வோர்னிங்கை மட்டும் போட்டிட்டுப் போயிடும், அவ்வளவு வரி ஓடுற ஸ்கிரீனில அதை ஆர் பாக்கிறது? அதே மாதிரி வேலைக்குப் பாவிக்கிற சீமேக் நேற்றுக் குடுத்த ஒப்ஷனைக் கேஷ் ஃபைலில எழுதி வச்சிருக்கும், இண்டைக்கு நீங்கள் குடுக்காட்டியும் நேற்றையதுதான் ஓடும். மேக்ஃபைலை ஓட்டுற மேக்கில, கொம்பைலருக்குப் போற ஒப்ஷன்களை வைக்கிற சிஃபிளாக்ஸைக் கொமாண்ட் லைனில குடுத்தா மேக்ஃபைலுக்குள்ள சாதாரணமாச் சேக்கிறது எதுவும் எடுபடாது, அதையே என்வயர்மென்டில (முதலே வச்சிட்ட மாறியா) குடுத்தா மேக்ஃபைலில சேத்தது பின்னால போய் ஒட்டிக்கொள்ளும். எங்களைக் கவிழ்த்தது இந்த ரெண்டாவதுதான், ஓ2க்குப் பின்னால ஓ0 போய் ஒட்டிச்சிது.

கடைசி வெல்லுறதைக் கூடாதெண்டு சொல்லமாட்டன், நீளமான கட்டளைக்குப் பின்னால எங்கட ஒண்டைச் சேத்து மாத்த அது வேணும். ஆனா சோர்ஸ் மட்டும் கட்டு, பைனரி மட்டும் கட்டு, டெஸ்ட் ஓட்டு, டெஸ்டை விடு மாதிரி வேலையே தலைகீழாகிற இடத்தில டூல் வாயை மூடிக்கொண்டு ஒண்டைத் தெரிவு செய்யக்கூடாது, எது எதோட முட்டுதெண்டு பேர் சொல்லி நிக்கவேணும். பைதானில எழுதுறாக்களுக்கு ஒப்ஷன்களை வாசிக்கிற ஆர்க்பார்ஸில ஒண்டையொண்டு விலக்கிற குரூப் இருக்கு, ரெண்டு மூண்டு வரி வேலை. ஷெல் ஸ்கிரிப்ட் எண்டா முதலே ஒரு மோட் வச்சாச்சோ எண்டு பாத்து, பூச்சியம் இல்லாத எக்ஸிட் கோடோட (பூச்சியமெண்டா எல்லாம் சரி எண்டு அர்த்தம்) வெளியேறுங்கோ, இல்லாட்டி பிழையான பக்கேஜுக்கும் பச்சைதான் காட்டும்.

இப்ப பக்கேஜ் வெளிய போக முதல் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் லொக்கைத் தேடும், ஒரு வரியில ரெண்டு வேற ஓ இருந்தா பில்ட் நிண்டிடும். ஓ0 வேணுமெண்டா மேக்ஃபைலைத் தொடாமல் டெபியன்ர டெப் பில்ட் ஒப்ஷன்ஸ் எண்ட என்வயர்மென்ட் மாறியில நோஒப்ட் (வேகப்படுத்தாதை) போடச் சொல்லியிருக்கிறன், அது அந்த ஒரு பில்டோட போயிடும்.