வைக்கோல் காளான் என்று நினைத்து

2011 டிசம்பர் 31. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் ஓர் உணவகத்தின் சமையற்காரர் புத்தாண்டுக்காகத் தன் கூட்டாளிகளுக்குச் சமைத்தார். அங்கேயே பறித்த காளானும் அந்தச் சாப்பாட்டில் இருந்தது. அவர் சீனாவிலிருந்து வந்தவர். சமையலே தொழில், காளானும் அவருக்குப் புதிதில்லை. சில நாட்களில் அவரும், கூடச் சாப்பிட்ட இன்னொருவரும் கல்லீரல் செயலிழந்து சிட்னி மருத்துவமனையில் இறந்துபோனார்கள். ஊரில் சாப்பிட்டுப் பழகிய வைக்கோல் காளான் என்று நினைத்துத்தான் பறித்திருக்க வேண்டும் என்பதே பின்னால் சொல்லப்பட்ட விளக்கம்.

அவர் பறித்தது அமானிட்டா ஃபலாய்டஸ். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதை 'டெத் கேப்' என்பார்கள். உலகில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலானோரின் சாவுக்கு இந்த ஒரே இனம்தான் காரணம்.

விவரம் தெரியாதவர்கள் எதையோ பிடுங்கித் தின்றுவிட்டார்கள் என்றுதான் இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பல சம்பவங்களில் ஏமாறுகிறவர்கள், சின்ன வயதிலிருந்தே காளான் பறித்துப் பழகியவர்கள். அவர்கள் கற்றுவைத்திருப்பது பொய்யான அறிவு இல்லை. சொந்த மண்ணில் அது தலைமுறைகளாகச் சோறு போட்ட அறிவு. அந்த மண்ணில் இன்னின்ன காளான்தான் முளைக்கும் என்பதும் அந்த அறிவுக்குள் அடக்கம். மண் மாறும்போது அது பொய்த்துப்போகிறது.

வைக்கோல் காளான் நமக்கும் தெரிந்ததுதான். நெல் விளையும் ஆசிய நாடுகளில் பரவலாகச் சாப்பிடுகிறார்கள். கோயம்புத்தூரில் 1940களிலேயே இதை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மட்கும் வைக்கோலில் சாம்பல் நிற முட்டை வடிவத்தில் முளைக்கும். அப்புறம் மேலுறை கிழிந்து குடை வெளியே வரும். கிழிந்த உறை தண்டின் அடியில் பையாக நின்றுவிடும். டெத் கேப்பும் அப்படியேதான். அதுவும் முட்டையாக முளைத்து, உறையைக் கிழித்துக்கொண்டு வந்து, அடியில் வெள்ளைப் பையை விட்டுவைக்கிறது.

வளர்ந்த பிறகு இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். டெத் கேப்பின் தண்டில் பாவாடை போல ஒரு வளையம் தொங்கும், வைக்கோல் காளானில் வளையம் கிடையாது. குடைக்கு அடியிலுள்ள செவுள்கள் டெத் கேப்பில் கடைசிவரை வெள்ளையாகவே இருக்கும்; வைக்கோல் காளானில் வித்துகள் முதிர முதிர இளஞ்சிவப்பாகிவிடும். குடையை ஒரு தாளின் மேல் கவிழ்த்து இரவு முழுக்க வைத்தால் உதிரும் வித்துத்தூளிலும் இதே நிற வித்தியாசம் தெரியும். டெத் கேப்பின் குடை பெரும்பாலும் வெளிறிய பச்சை, சில நேரம் மஞ்சள், சில நேரம் கிட்டத்தட்ட வெள்ளை. சரி, இவ்வளவு அடையாளம் இருக்கிறதே என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், வைக்கோல் காளான் ருசியாக இருப்பது விரியாத மொட்டுப் பருவத்தில். பறிப்பவர்கள் தேடுவதும் அதைத்தான். அந்தப் பருவத்தில் வளையம் வெளியே தெரியாது, செவுள் எதிலும் வெள்ளைதான், வித்து இன்னும் முதிரவே இல்லை. நம்பத் தகுந்த அடையாளங்கள் எல்லாம் உறைக்குள் இருக்கும்போதே காளான் கூடைக்குள் போய்விடுகிறது. வளர்ந்த காளானிலும் மழை அடித்தால் வளையம் உதிர்ந்துவிடும். தண்டைப் பாதியில் கிள்ளினால் அடிப்பை மண்ணிலேயே தங்கிவிடும்.

கான்பராவுக்கு இந்தக் காளான் எப்படி வந்தது? டெத் கேப்பின் சொந்த ஊர் ஐரோப்பா. ஓக் போன்ற மரங்களின் வேரோடு அதன் பூஞ்சை இழைகள் ஒட்டி வாழ்கின்றன; மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை தரும், பூஞ்சை மரத்துக்கு மண்ணிலிருந்து தாதுக்களையும் நீரையும் எடுத்துத் தரும். அழகுக்காக ஐரோப்பிய மரங்களை வேர்மண்ணோடு கொண்டுபோய் நட்ட இடமெல்லாம் பூஞ்சையும் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது. கலிபோர்னியாவில் 1938-இல் மான்டரேயில் ஒரு பெரிய ஹோட்டலின் வளாகத்தில் எடுத்த மாதிரிதான் அங்கே உறுதியான பழைய பதிவு. இன்றைக்கு அது அங்குள்ள உள்ளூர் ஓக் மரங்களோடும் சேர்ந்துகொண்டு காடெல்லாம் பரவியிருக்கிறது. ஆக, ஐரோப்பாவிலிருந்து மரத்தோடு காளான் வந்தது, ஆசியாவிலிருந்து காளான் தின்னும் பழக்கத்தோடு மனிதர்கள் வந்தார்கள். இரண்டும் ஒரே நகரத்தில் சந்தித்துக்கொண்டன.

இனி நஞ்சுக்கு வருவோம். அதன் பெயர் ஆல்ஃபா அமானிட்டின். எட்டு அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்து, வளையத்துக்குக் குறுக்கே இன்னொரு பிணைப்பும் போட்டுக்கொண்ட சிறிய மூலக்கூறு. அந்த இறுக்கத்தால் கொதிக்க வைத்தாலும், வறுத்தாலும், காயப்போட்டாலும், உறையவைத்தாலும் அது சிதையாது. நம் வயிற்று அமிலமும் செரிமான நொதிகளும்கூட அதை ஒன்றும் செய்வதில்லை. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.1 மில்லிகிராம் உயிரைப் பறிக்கப் போதும் என்கிறார்கள். 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 6 மில்லிகிராம். நன்றாக வளர்ந்த ஒரு காளானிலேயே அவ்வளவு இருக்கலாம். பிழைத்தவர்கள் பலர் அந்தக் காளான் ருசியாக இருந்ததாகவே சொல்லியிருக்கிறார்கள். கசப்போ காரலோ எதுவும் எச்சரிக்காது.

நம் செல்களின் உட்கருவில் ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2 என்றொரு நொதி இருக்கிறது. டி.என்.ஏவில் உள்ள செய்தியைப் படித்து ஆர்.என்.ஏவாக நகல் எடுப்பது அதன் வேலை. அந்த நகலை வைத்துத்தான் செல் புரதம் செய்யும். ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான எழுத்துகளை நகலெடுக்கக்கூடிய இந்த நொதி, அமானிட்டின் வந்து ஒட்டிக்கொண்டால் நிமிடத்துக்குச் சில எழுத்துகள் என்று தவழத் தொடங்கிவிடும். நகலெடுக்கும்போது நொதியின் சில பாகங்கள் அசைந்து கொடுக்க வேண்டும். அந்த அசைவை இந்த மூலக்கூறு தடுத்துவிடுகிறது. நஞ்சு எங்கே போய் அமர்கிறது என்பதை ரோஜர் கோர்ன்பெர்க்கின் குழு 2002-இல் படிக அமைப்பாகவே காட்டியது. இந்த நொதி செயல்படும் விதத்தை விளக்கியதற்காக அவருக்கு 2006-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இது புரிந்தால், இந்த நஞ்சு ஏன் இவ்வளவு தாமதமாக முகம் காட்டுகிறது என்பதும் புரியும். அது செல்லை எரிப்பதில்லை, ஓட்டை போடுவதில்லை. புதிய நகல்கள் வருவதை மட்டும் நிறுத்துகிறது. ஏற்கெனவே செய்துவைத்த புரதங்கள் தீரும்வரை செல் வழக்கம்போல ஓடும். அதனால் சாப்பிட்டவர் 6 முதல் 12 மணி நேரம், சிலர் அதற்கு மேலும், எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார்கள். ராத்திரி சாப்பிட்டால் நிம்மதியாகத் தூங்கக்கூட முடியும். ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய குடல் செல்கள்தான் முதலில் தடுமாறும். கடும் வாந்தி, தண்ணீராகப் போகும் பேதி, வயிற்றுவலி எல்லாம் அப்போது வரும்.

அடுத்து வருவதுதான் மனதை மிகவும் உறுத்துகிறது. ஒரு நாள் போல இந்தத் துன்பம் இருந்துவிட்டு, தானாக அடங்கும். நோயாளி எழுந்து உட்கார்வார், கஞ்சி குடிப்பார். 'ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகிவிட்டது' என்று வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். காளான் சாப்பிட்டதைச் சொல்லாவிட்டால் மருத்துவரும் வயிற்றுப்போக்கு என்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் கல்லீரல் செல்கள் செத்துக்கொண்டிருக்கும். பித்த உப்புகளையும் மருந்துகளையும் உள்ளே எடுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்லில் சில கடத்திப் புரதங்கள் உண்டு. அமானிட்டின் அந்த வழியாகவே நுழைகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கழித்துக் குடலுக்கு அனுப்பும். குடல் மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பும். ஒருமுறை தின்ற நஞ்சு இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து அதே உறுப்பைத் தாக்குகிறது. மூன்றாம் நாள் வாக்கில் மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, நினைவுக் குழப்பம் எல்லாம் வரும்போது மாற்றுக் கல்லீரல் தேட வேண்டிய நிலை வந்திருக்கலாம்.

2016 டிசம்பரில் வட கலிபோர்னியாவில் 14 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு அந்தக் காளானை யாரோ முகம் தெரியாதவர் மலையில் பறித்ததாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். 14 பேரும் பிழைத்தார்கள். மூன்று பேருக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்ய வேண்டியிருந்தது, ஒரு குழந்தைக்கு நிரந்தர நரம்புப் பாதிப்பு தங்கிவிட்டது.

இதற்கு உறுதியான முறிமருந்து இன்றுவரை இல்லை. ஏராளமாக நரம்புவழி நீர் ஏற்றுவார்கள், நஞ்சு குடலிலிருந்து திரும்பவும் உறிஞ்சப்படாமலிருக்கக் கரித்தூள் கொடுப்பார்கள். மில்க் திஸில் என்ற முட்செடியிலிருந்து எடுக்கும் சிலிபினின், கல்லீரல் செல்லின் அந்த நுழைவழியை அடைப்பதால் பல நாடுகளில் தருகிறார்கள். 2023-இல் சீன ஆய்வாளர்கள், மருத்துவப் படமெடுப்பில் ஏற்கெனவே பயன்படும் இண்டோசயனைன் கிரீன் என்ற சாயம் எலிகளில் இந்த நஞ்சின் பாதிப்பைக் குறைப்பதாகக் கண்டார்கள். எனக்கு அது பெரிய நம்பிக்கை தந்த செய்தி. மனிதர்களில் பலன் தருமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

டெத் கேப் இல்லாத இடத்தில் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. இதே அமானிட்டின், கேலரினா, லெபியோட்டா வகைச் சிறு காளான்கள் சிலவற்றிலும் இருக்கிறது. சில கார்ட்டினேரியஸ் காளான்களில் ஓரெலானின் என்ற வேறு நஞ்சு. அது சிறுநீரகத்தை அழிக்கும், அறிகுறி தெரியவே சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரம்வரை ஆகலாம். 1950களில் போலந்தில் நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்ட பிறகுதான் அந்தக் காளான் நஞ்சு என்பதே தெரிந்தது. அதுவரை மூன்று வாரத்துக்கு முந்தைய சாப்பாட்டை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

நம் இந்தியாவிலும் இது நடக்கிறது. 2022 ஏப்ரலில் அசாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள், குழந்தைகளும் உண்டு. குறைந்த கூலியில் வாழும் வீட்டில், மழைக்கு முளைக்கும் காளான் காசு கொடுக்காமல் கிடைக்கும் கறி. 'பறிக்காதே' என்று சொல்வதோடு யாருடைய பொறுப்பும் முடிந்துவிடாது என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் புற்றுக் காளானைத் தேடிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கறையான்கள் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து வருவது அது. தோண்டிப் பார்த்தால் தண்டு வேர் போல நீண்டு புற்றுக்குள்ளேயே போகும். அதே மழைக்குப் புல்தரைகளில் பெரிய வெள்ளைக் குடையோடு குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற காளானும் முளைக்கும். தண்டு மண்ணின் மேற்பரப்போடு முடிந்துவிடும், வித்துத்தூள் பச்சையாக இருக்கும். ஆனால் இளம் காளானில் செவுள் வெள்ளைதான். இதைத் தின்றால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் பேதியும் வரும். பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள் என்றாலும் குழந்தைகளுக்கு நீரிழப்பே ஆபத்தாகிவிடும்.

பூச்சி அரித்த காளான் நல்லது, வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்லது என்று பல நாடுகளில் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஒன்றையும் நம்பக்கூடாது. நத்தைகள் டெத் கேப்பைச் சாதாரணமாகத் தின்னும். சில பழ ஈக்கள் அமானிட்டின் உள்ள காளானிலேயே முட்டையிட்டு வளர்கின்றன. வெள்ளிக்கும் பூண்டுக்கும் அமானிட்டினோடு எந்த வினையும் இல்லை. கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் பெயர் கேட்பதும் இதே வகைதான். மேலிருந்து எடுத்த படத்தில் அடிப்பையும் வித்தின் நிறமும் தெரியாது.

சந்தேகத்துக்குரிய காளானைச் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரே சட்டியில் சாப்பிட்ட அத்தனை பேரும், ஒன்றும் செய்யவில்லை என்பவர்களும் சேர்ந்தே போக வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால் அமானிட்டினைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் பல காளான்களைக் கலந்து சமைத்திருந்தால், சீக்கிரமே வாந்தி வந்தது என்பதற்காக அந்தச் சந்தேகத்தை விட்டுவிட முடியாது. வயிறு சரியாகிவிட்டாலும் கல்லீரல் நொதிகளுக்கான ரத்தப் பரிசோதனையை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எடுக்க வேண்டும். சமைத்தது மிச்சம் இருந்தால் அதையும், நறுக்கி எறிந்த தண்டின் அடிப்பகுதி குப்பையில் கிடந்தால் அதையும் ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.