குரோமில் அசிட் ஊற்றாதீர்கள்

போன மாதக் கடைசியில் திருகோணமலை அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு தம்பி ஓட்டோவில் வந்து இறங்கினான். மடியில் ஒரு ஹாண்டில், காலடியில் ஸ்போக் கம்பிகளோடு இரண்டு றிம். அப்பப்பாவின் ஹோண்டா சிடி 125 மோட்டார் சைக்கிள். எழுபதுகளில் எடுத்தது, அவர் போன பிறகு தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டது. அதைத் திரும்ப ஓடவைத்து அப்பாவின் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"அண்ண, கறள் எல்லாம் போயிட்டுது. ஆனா பழைய மினுக்கம் வரல்ல" என்றான்.

சுற்றியிருந்த துணியை விலக்கியதும் விளங்கிவிட்டது. குரோமுக்கே உரிய அந்த மெல்லிய நீலச்சாயல் எங்குமே இல்லை. வெளிறிய மஞ்சள், இடையிடையே சாம்பல் திட்டு, அந்தத் திட்டுகளில் புதுக் கறள். "எதில ஊற வைச்ச?" என்று கேட்டேன். டொய்லட் கழுவுகிற அசிட்டில், ஒரு இரவு முழுக்க. இதே கதையோடு இந்த வருடம் என் கராஜுக்கு வந்த ஐந்தாவது ஆள் அவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் "குரோம் கறள் பிடிச்சிட்டு" என்கிறார்கள். குரோம் கறள் பிடிப்பதில்லை. கறள் இரும்பில் மட்டும்தான் வரும், குரோமில் இரும்பே கிடையாது. நீங்கள் பார்க்கும் பழுப்புப் புள்ளி, அடியில் கிடக்கும் இரும்பு அரிபட்டு, மேற்பூச்சில் உள்ள நுண்ணிய துளை வழியாக வெளியே கசிந்தது. உங்கள் ஹாண்டில் ஒரு இரும்புக் குழாய். அதன்மேல் நிக்கல், பல வண்டிகளில் நிக்கலுக்குக் கீழே செம்பும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலேதான் குரோம். நிக்கலின் தடிப்பு பொதுவாக 10 முதல் 30 மைக்ரோன். குரோமின் தடிப்பு பெரும்பாலும் அரை மைக்ரோன்கூட வராது. ஒரு தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரோன் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் பளபளப்பு நிக்கலுடையது. அது மங்காமல் காப்பதுதான் அந்த மெல்லிய குரோமின் வேலை.

ஆகவே ஒரு றிம்மில் நூறு புள்ளி இருந்தாலும், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் உள்ள குரோம் நன்றாகவே இருக்கும். கறள் அதன்மேல் பரவிப் படிந்திருப்பதால் முழுதும் போய்விட்டது போலத் தெரிகிறது. வீட்டுச் சுவரில் சேறு தெறித்திருந்தால் கழுவுவீர்களா, சுவரை இடிப்பீர்களா?

டொய்லட் கழுவும் அந்தப் போத்தல்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அசிட். அது கறளைக் கரைக்கும், உண்மைதான். குரோமையும் கரைக்கும். குரோம் பூசும் பட்டறைகளில் பழைய குரோமை உரித்தெடுப்பதற்கே இந்த அசிட்டைத்தான் எடுக்கிறார்கள். அந்தத் தம்பி கறளைக் கழுவவில்லை, அரை நூற்றாண்டு தாங்கிய குரோமைக் கையோடு உரித்துவிட்டான். மஞ்சளாகத் தெரிந்தது வெறும் நிக்கல்.

றிம் அசிங்கமானதோடு போனால் பரவாயில்லை. அவன் ஸ்போக் கம்பிகளையும் சேர்த்தே ஊறவிட்டிருந்தான். அசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதில் ஒரு பங்கு உறுதியான உருக்குக்குள்ளேயே புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரம் ஏறி ஓடும்போது கம்பி ஒடியும். அசிட்டில் கிடந்த ஸ்போக், ஸ்பிரிங், அச்சு, போல்ட் எதையும் நான் திரும்பப் பூட்ட மாட்டேன். வாடிக்கையாளர் கோபித்தாலும் சரி.

வீட்டுக்குள் அசிட் புகை மூச்சில் ஏறும், கண்ணை எரிக்கும். அதைவிடப் பயங்கரம், கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளோ பிளீச்சோ அசிட்டோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே வாளியில், ஒரே தூரிகையில், ஒரே தரையில்கூடப் பாவிக்காதீர்கள்.

இப்போது பெடியன்கள் வீடியோ பார்த்து பற்றரி சார்ஜரையும் எவர்சில்வர் கரண்டியையும் வைத்து, தண்ணீருக்குள் மின்சாரம் விட்டுக் கறள் எடுக்கிறார்கள். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. நேர்முனையில் அதை மாட்டினால் தண்ணீர் மஞ்சளாகும். அது ஆறிணைதிறன் குரோமியம், புற்றுநோய் வருவிக்கும் பொருள். அந்தத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றுகிறார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் எங்கள் மண் எது? மணல். ஊற்றியது கீழே இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? பத்தடி தள்ளிக் குடிக்கிற கிணறு. கையெடுத்துக் கேட்கிறேன், இதை மட்டும் செய்யாதீர்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி உப்பையும் தூசியையும் போக்குங்கள். பிறகு அலுமினியம் ஃபொயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிகவும் மென்மையானது, கீறாது. கறுப்பாக ஒரு களி வரும், துடைத்துவிட்டுத் திரும்பத் தேயுங்கள். முக்கால்வாசி வண்டிகளுக்கு இதுவே போதும். ஐந்து பேரும் முதலில் இதைச் செய்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

சாண்ட் பேப்பர் வேண்டாம். குசினியில் சட்டி தேய்க்கும் இரும்புச் சுருளும் வேண்டாம். அதன் துகள்கள் துளைகளுக்குள் சிக்கி, தாங்களே கறள் பிடித்து, ஒரு மாதத்தில் புள்ளியை இரட்டிப்பாக்கும். நகத்தால் தடவிப் பாருங்கள். புள்ளியின் விளிம்பில் நகம் தடக்கினால் நிக்கலும் கிளம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிளம்பிய நிக்கல் விளிம்பு பிளேட் மாதிரி வெட்டும், கையுறை போடுங்கள்.

ஃபொயிலுக்கு அசையாத கறள் இருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் சிற்றிக் அசிட், அதாவது எலுமிச்சையில் உள்ள மென்மையான அசிட், கலந்து துணியை நனைத்து அந்த இடத்தில் மட்டும் போர்த்துங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். வைத்துவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே வெயிலில் காயவிடுங்கள். ஈரம் நின்றால் அரை மணித்தியாலத்தில் புதுக் கறள் வரும். ஸ்போக்குக்கு இதுவும் வேண்டாம்.

அப்புறம் மெழுகு. கார்களுக்குப் பூசும் சாதாரண மெழுகுதான். இதை ஒருவரும் செய்வதில்லை. துளை இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது, அதை மூடாமல் விட்டால் எல்லாம் வீண். தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள், அது தூசியையும் உப்பையும் பிடித்துவைக்கும். கண்டி, நுவரெலியாவில் வருடத்துக்கு இரண்டு தடவை பூசினால் சமாளிக்கலாம். இங்கே மாதம் ஒரு தடவை பூசுங்கள். கடற்காற்று கொண்டுவரும் உப்பு உலோகத்தில் படிந்து கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் உங்கள் ஹாண்டில் உப்புத் தண்ணீரில்தான் நனைந்திருக்கிறது. வாடைக் காலத்தில் இன்னும் மோசம். றெக்சின் உறை போட்டு மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே புழுங்கும். பழைய பருத்திச் சாரத்தைப் போடுங்கள். றிம்மின் உட்பக்கத்தையும் ரயர் கழற்றும்போது பாருங்கள், வெளியே மின்னும் றிம்கள் உள்ளே அரிபட்டுக் கிடப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நிக்கலே உரிந்துவிட்டால் மறுபடி குரோம் பூசுவதைத் தவிர வழியில்லை. நாங்கள் கொழும்புக்குத்தான் அனுப்புகிறோம். அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நிக்கல் எத்தனை மைக்ரோன் போடுவார்கள் என்று கேளுங்கள், கடற்கரை ஊர் வண்டி என்றும் சொல்லுங்கள். விலை குறைவாகச் சொல்பவர் அனேகமாக நிக்கலில்தான் குறைக்கிறார்.

தம்பியின் றிம் இரண்டும் போய்விட்டன, 72 ஸ்போக்கும் புதிதாகப் போடவேண்டும். ஹாண்டிலை மட்டும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்றான், காசு சேரட்டுமாம். மஞ்சளாகவே கழுவி மெழுகு பூசிக் கொடுத்தேன். பிடிகளுக்குக் கீழே, ரப்பர் மூடியிருந்த இரண்டு விரலளவு இடத்தில் அசிட் ஏறவில்லை. அங்கே அப்பப்பா காலத்துக் குரோம் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது.