கருப்புப் பூஞ்சை கருப்பில்லை

மழைக்காலத்தில் மறந்துபோன ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தால், ஓரத்தில் சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருக்கும். அதன்மேல் மிளகுத்தூளைத் தூவியதுபோல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை. உள்ளே ஆயிரக்கணக்கான வித்துகள். ரைசோபஸ் என்ற இந்தப் பூஞ்சைதான், 2021 மே மாதம் 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயரில் நாட்டையே நடுங்க வைத்தது. நோயின் மருத்துவப் பெயர் மியூகோர்மைகோசிஸ்.

இந்த வித்துகளை நீங்களும் நானும் தினமும் சுவாசிக்கிறோம். மண், சாணம், அழுகிய பழம் என்று எங்கும் அவை உண்டு. மூக்குக்குள் போனதும் விழுங்கிச் செல்கள் அவற்றைப் பிடித்து முளைக்கவிடாமல் அடக்கிவைக்கின்றன. தப்பி முளைத்தவற்றை நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் கொல்கின்றன. ஆக, பூஞ்சை வந்ததா என்பது கேள்வியே இல்லை. காவல் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் இருப்பவர்களுக்கு வெள்ளையணுக்கள் எண்ணிக்கையிலேயே குறைந்துவிடும். சர்க்கரை நோயாளியின் கதை வேறு. அவரிடம் அணுக்கள் இருக்கும். கட்டுக்கடங்காத சர்க்கரையில் அவை மந்தமாகிவிடும். அதோடு இரும்பு விவகாரமும் சேர்ந்துகொள்கிறது. ரைசோபஸ் வளர இரும்பு வேண்டும். நம் ரத்தத்திலோ இரும்பைச் சும்மா விடுவதில்லை; டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்திருக்கும். இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன்கள் (கொழுப்பு உடையும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள்) பெருகி அமிலத்தன்மை ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது. பூஞ்சைக்குப் பந்தி விரித்த மாதிரிதான்.

இதற்கு ஒரு விநோதமான சாட்சி உண்டு. உடலில் மிஞ்சிய இரும்பை வெளியேற்ற டெஃபெராக்ஸமின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு அதுவே வினையானது. மருந்து பிடித்த இரும்பை ரைசோபஸ் அப்படியே பறித்துக்கொண்டது!

சரி, கொரோனாவுக்கு இதில் என்ன பங்கு? பெரும்பாலும் ஸ்டீராய்டு வழியாகத்தான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு காட்டியது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இந்த இரண்டாவது பாதி நம் ஊரில் பலர் காதில் விழவே இல்லை. ஸ்டீராய்டு வெள்ளையணுக்களை அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். ஒரே மருந்தில் இரண்டு கதவும் திறந்துவிட்டன.

உள்ளே நுழைந்த பூஞ்சை சைனஸ் அறைகளில் தொடங்குகிறது. ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போகும், வீங்கும், பல் ஆடும், பார்வை இரண்டாகத் தெரியும். அப்புறம் கண், அதையும் தாண்டினால் மூளை. பூஞ்சையின் இழைகள் ரத்தக்குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே வளர்கின்றன. அங்கே ரத்தம் உறைகிறது. ரத்தம் கிடைக்காத திசு செத்துக் கருக்கிறது. அண்ணத்தில் தெரியும் அந்தக் கருப்பு நம்முடையது. திசுவுக்குள் வளரும் பூஞ்சை இழைகளுக்கு நிறமே கிடையாது.

ஆம்ஃபோடெரிசின் பி என்ற ஊசி மருந்து பூஞ்சையின் செல் சவ்வைக் கெடுத்துக் கொல்கிறது. 2021இல் அது கிடைக்காமல் குடும்பங்கள் அலைந்தன. ஆனால் மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பூஞ்சை இருக்கும் இடத்திலோ குழாய்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அதனால் ஊசி மட்டும் போதாது. அறுவை மருத்துவர் கருத்த திசுவைச் சுரண்டிக்கொண்டே போகிறார், புது ரத்தம் கசியும்வரை.