சொல்லாமலே புரியும் என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது?

‘இதைக்கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?’ என்ற மனத்தாங்கல் வழிப்போக்கர் மீது நமக்கு வருவதில்லை. கணவர், மனைவி, நெடுநாள் நண்பர் மீதே வருகிறது.

உளவியல் ஆய்வாளர்களான கென்னத் சவிட்ஸ்கி, போவாஸ் கேசர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 24 தம்பதியர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி அமர்ந்து, பல பொருள் தரும் அன்றாடத் தொடர்களை ஒருவர் சொல்ல, அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று மற்றவர் ஊகித்தனர். நம் வீடுகளில் கேட்கும் ‘சாப்பாடு ஆயிற்றா?’ இத்தகைய தொடர்தான்: அது நலம் விசாரிப்பாக இருக்கலாம், பசியின் அறிவிப்பாக இருக்கலாம், சமையல் தாமதமானதைக் குத்திக்காட்டுவதாகவும் இருக்கலாம். ஆய்வில் துணைவரின் ஊகம், முன்பின் தெரியாதவரின் ஊகத்தைவிடச் சிறப்பாக அமையவில்லை. ஆனால், துணைவருக்குப் புரிந்திருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் சொன்னவருக்கு மிகுதியாக இருந்தது.

காரணம் அன்புக் குறைவன்று. பிறர் பேச்சைக் கேட்கும்போதும் மனம் முதலில் தான் அறிந்ததிலிருந்தே தொடங்குகிறது. ‘இது அவருக்குத் தெரியாதே’ என்ற திருத்தம் பின்னர், சற்று முயற்சியோடு வருகிறது. அந்நியரிடம் அம்முயற்சியை எடுக்கும் நாம், நெருங்கியவரிடம் அதைத் தளர்த்திவிடுகிறோம். அதே ஆய்வின் மற்றொரு சோதனையில், பொருள்களை நகர்த்தும்படி நண்பர் சொன்னபோது, அந்த நண்பரின் கண்ணுக்கு மறைக்கப்பட்டு, கேட்பவருக்கு மட்டும் தெரிந்த பொருளின் மீதே கேட்பவரின் பார்வை அதிகம் சென்றது. அந்நியர் சொன்னபோது அவ்வளவு தடுமாற்றம் இல்லை.

எதையும் தன் நிலையிலிருந்தே பார்க்கும் இதே சாய்வு, உழைப்பைக் கணக்கிடுவதிலும் புகுந்துவிடுகிறது. மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், 37 தம்பதியரிடம் 20 குடும்பப் பொறுப்புகளில் தத்தம் பங்கைத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோது, 16 பொறுப்புகளில் இருவர் மதிப்பீட்டின் கூட்டுத்தொகை முழு அளவைத் தாண்டியது. தான் துலக்கிய பாத்திரம் நினைவில் நிற்கும் அளவுக்குப் பிறர் துலக்கியது நிற்பதில்லை. எனவே நன்றியை எதிர்பார்த்து இருவருமே ஏமாறுகின்றனர்.

‘அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்’ என்ற பழகிய அறிவுரையும் நாம் நம்பும் அளவுக்கு உதவுவதில்லை. டால் எயல், மேரி ஸ்டெஃபல், எப்லி ஆகியோர் 25 சோதனைகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாறு கற்பனை செய்தவர்கள் பிறர் மனத்தைப் பற்றிச் செய்த கணிப்பு கூடுதல் துல்லியம் பெறவில்லை. துணைவரிடம் நேராகக் கேட்டறிந்தவர்களின் கணிப்பே துல்லியமாக இருந்தது.