வெற்றுக் கூடு வெளியே வருமா? போல்ட் ரைபிளை எடைபோடும் விதம்

வேட்டை ரைபிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, நூறு மீட்டரில் எத்தனை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் சுடும் என்பதைத்தான். இன்று விற்கும் ரைபிள்களில் பெரும்பாலானவை வேட்டைக்குத் தேவையானதைவிட நன்றாகவே சுடும். காட்டில் காலை வாருவது வேறொன்று: சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வந்து, அடுத்தது உள்ளே போகும் அந்த ஒரு வினாடி.

குழலின் பின்புறத்தை மூடும் போல்ட், கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். முன்னே தள்ளிக் கைப்பிடியை மடக்கினால், முனையிலுள்ள லக் எனும் இரும்புக் காதுகள், போல்ட் ஓடும் உலோக உடலான ரிசீவரின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். .308 வின்செஸ்டர் தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்ட் வரை போகலாம். அதைக் கூட்டின் அடிப்பரப்பால் பெருக்கினால், போல்டைப் பின்னுக்குத் தள்ளும் விசை மூன்று டன்னைத் தாண்டும். தோட்டா உட்காரும் அறையின் சுவரைக் கூடு பற்றிக்கொள்வதால் கொஞ்சம் குறையும். மிச்சம் முழுக்க அந்தக் காதுகள் மீதுதான். எனவே சுமை எல்லாக் காதுகளிலும் பகிர்ந்து விழ வேண்டும். காதுகளின் பின்புறத்தில் மார்க்கர் மை தடவி, போல்டைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தபடியே சில முறை மடக்கி நிமிர்த்துங்கள். ஒரு காதில் மட்டும் மை அழிந்தால் பொருத்தம் சரியில்லை.

வெடித்ததும் பித்தளைக் கூடு உப்பி அறையில் ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைத் தூக்கும்போது அதன் அடிப்பகுதி ஒரு சரிவில் ஏறி, போல்டைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நெம்பும். கூட்டைப் பெயர்ப்பது இந்த நெம்புதல்தான். கை பலம் அல்ல. இரண்டு காது போல்டைச் சுமார் 90 பாகை தூக்க வேண்டும், மூன்று காது போல்டுக்கு 60 போதும். ஸ்கோப்பில் கை இடிக்காது என்பது வசதி. ஆனால் தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் சுருளை இறுக்குவதையும் கூட்டை நெம்புவதையும் குறைந்த சுழற்சிக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் கைப்பிடி கனக்கும்.

பெயர்ந்த கூட்டை இழுப்பது எக்ஸ்ட்ராக்டர். 1898-இல் வந்த மௌசர் ரைபிளில் இது போல்டின் பக்கவாட்டில் நீளமாகக் கிடக்கும் அகலமான கொக்கி. தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து எழும்பும்போதே தோட்டாவின் விளிம்பு இதற்குள் நழுவிவிடும். பாதியில் கை நின்றாலும் தோட்டா போல்டோடு திரும்பி வரும். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 போன்றவற்றில் போல்ட் தோட்டாவை வெறுமனே முன்னே தள்ளும். கொக்கி பிடிப்பது கடைசியில்தான். பதற்றத்தில் பாதி தள்ளிப் பின்னிழுத்தால் முதல் தோட்டா முன்னாலேயே கிடக்கும், இரண்டாவது அதன் முதுகில் போய் முட்டும். அதற்காகத் தள்ளும் வகை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம்; போல்டை முழுசாக ஓட்டப் பழகியவருக்கு அது ஏமாற்றாது. மௌசருக்கும் வீம்பு உண்டு: அறைக்குள் தோட்டாவைக் கையால் போட்டு போல்டை அடித்து மூடினால், சில பழைய துப்பாக்கிகளில் கொக்கி உடைந்துபோகும்.

கூட்டை வெளியே எறியும் எஜெக்டரிலும் இரண்டு வகை. ரிசீவரில் நிலையாக நிற்கும் தகடு என்றால், போல்டை மெல்ல இழுத்தால் கூடும் சோம்பலாக விழும். சிலசமயம் திரும்ப உள்ளேயே. போல்டின் முகத்தில் சுருளோடு இருக்கும் முளை எப்போதும் ஒரே வேகத்தில் எறியும், ஆனால் பித்தளைத் துகள் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். விரலால் அழுத்திப் பாருங்கள், சட்டென்று மேலே வர வேண்டும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை: அறையும் மேகசினும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, மேகசின் நிறைய, வெடிக்காத டம்மி தோட்டாக்களைப் போட்டு மெதுவாக, வேகமாக, ரைபிளைப் பக்கவாட்டில் சாய்த்து என மூன்று விதமாக ஓட்டுங்கள். கடைசித் தோட்டாவைக் கூர்ந்து பாருங்கள். மேகசின் சுருள் மிகத் தளர்ந்திருப்பது அப்போதுதான். பிறகு டம்மிகளை எடுத்துவிட்டு, சேஃப்டி போட்ட நிலையில் டிரிகரை அழுத்தி விடுங்கள். சேஃப்டியை எடுக்கும்போது ஊசி தானாக விழுந்தால், எவ்வளவு மலிவானாலும் அந்தத் துப்பாக்கி வேண்டாம்.

குழலைத் தாங்கும் மரக் கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை ஒரு பக்கம் அழுத்தினால் குறி நகரும். குழல் தொடாமல் நிற்கும்படி செய்த ரைபிளில், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து அறை வரை தடையின்றி இழுக்க முடிய வேண்டும்.

போல்டைக் கருவியில்லாமல் பிரிக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். உள்ளே கெட்டி கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில் உறைந்து ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தோட்டாவின் அடியில் நெருப்பு மூட்டும் பிரைமரில் லேசான பள்ளம் மட்டும் விழும், தோட்டா வெடிக்காது. பிரித்துத் துடைத்து ஏறக்குறைய உலர்வாக வைத்தாலே இது தீரும்.