கொக்கின் வெள்ளையில் இறகு தெரிகிறதா?

பறவைப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்வது என் வேலையின் பெரும்பகுதி. முதலில் நான் கேட்பது ஓரம் வெட்டாத (க்ராப் செய்யாத) மூலப்படத்தையும், ஷட்டர் வேகம், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பளவு), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) விவரங்களையும்தான். வெட்டி மெருகேற்றிய படத்தை வைத்துக்கொண்டு குறை எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. "அருமை" என்பதும் சரி, "கொஞ்சம் மங்கலா இருக்கு" என்பதும் சரி, அடுத்த முறை கேமராவில் எதை மாற்ற வேண்டும் என்று எடுத்தவருக்குச் சொல்வதே இல்லை.

மங்கலையே எடுத்துக்கொள்வோம். பறவையின் கண் தெளிவில்லை, முன்னால் இருக்கும் கோரை பளிச்சென்று இருக்கிறது என்றால் ஃபோகஸ் கோரையில் விழுந்திருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 600 மி.மீ. லென்ஸை எஃப் 6.3 அபெர்ச்சரில் வைத்து, 8 மீட்டர் தள்ளி நிற்கும் கொக்கை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6, 7 சென்டிமீட்டர்தான். சிறகில் ஃபோகஸ் பிடித்தால் கண் போய்விடும். கண் தெளிவாக இருந்து சிறகு நுனி மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. நிற்கும் நாரைக்கு 1/500 நொடி போதும், பறக்கும் ஆலாவுக்கு 1/2000 நொடி வேண்டும். படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. எங்குமே தெளிவில்லாமல் ஓரங்கள் நெளிந்திருந்தால் அது கானல், அதாவது வெயிலில் சூடேறிய காற்றின் அலைவு. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் வெயில் ஏறிய பிறகு தொலைவில் நிற்கும் பூநாரைகளை எடுத்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இதற்குப் போய் விலை கூடிய லென்ஸ் வாங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். லென்ஸ் மாற்றினாலும் கானல் அங்கேயேதான் இருக்கும். விடிந்ததும் போய் எடுங்கள் என்பதுதான் சரியான யோசனை.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவில், அடிக்கடி காதில் விழுவது, "வெள்ளைப் பறவை என்றால் ஒரு ஸ்டாப் கூட்டு" என்பது. ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்காகும், குறைத்தால் பாதியாகும். அந்த யோசனை பாதிதான் சரி. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். கொக்கு படத்தை நிறைத்து நின்றால் அழுக்கு வெள்ளையாகிவிடும். அப்போது கூட்டத்தான் வேண்டும். அதே கொக்கு வேடந்தாங்கலில் இருண்ட மர நிழலுக்கு முன்னால் சின்னதாக நின்றால், மீட்டர் இருட்டை வெளுக்கப் போய்க் கொக்கு சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். அதனால் பின்னணியைப் பார்க்காமல் எக்ஸ்போஷருக்குக் கருத்துச் சொல்லவே கூடாது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நிற்கிறதா என்று களத்திலேயே பாருங்கள். முழுதாக வெளுத்த இடத்தில் இறகுவரிகளை ரா ஃபைலிலும் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பு) மீட்க முடியாது. இருண்டதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

கம்போஸிஷனுக்கு (சட்டகத்தில் பறவையை அமைக்கும் விதத்துக்கு) நான் சொல்வது கொஞ்சம்தான். பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். அது பார்க்கும் பக்கம் இடம் விடுங்கள். தலைக்குப் பின்னால் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே மறைந்துவிடும்.

ஆனால் "இன்னும் கிட்டப் போயிருக்கலாம்" என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த நம்பிக்கையில் இருக்கும் பறவையை, சட்டகம் நிறைய வேண்டும் என்பதற்காக நாம் எழுப்பிவிட்டால், இறகு முளைக்காத குஞ்சு வெயிலிலும் காக்கையின் பார்வையிலும் கிடக்கும். பறவை கழுத்தை நீட்டி விறைத்து நின்றாலே அது நம்மைக் கண்டு மிரள்கிறது என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும், முடிந்தால் பின்வாங்க வேண்டும்.

கூட்டருகே எடுத்த படம் என்னிடம் வந்தால், எவ்வளவு தள்ளி நின்றீர்கள், தாய்ப்பறவை எழுந்து போனதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். போனது என்றால், எவ்வளவு தெளிவான படமானாலும் அதற்கு நான் கருத்துச் சொல்வதில்லை.