அட்சார்ப்ஷன்: உறிஞ்சலா, கவர்தலா?

பஞ்சு நீரைக் குடித்தால் நீர் பஞ்சுக்குள் போய்விடுகிறது. அது உறிஞ்சுதல், அதாவது அப்சார்ப்ஷன். தங்கத் தகட்டில் டி.என்.ஏ. இழை பற்றிக்கொள்ளும்போது தங்கத்துக்குள் எதுவும் புகுவதில்லை, எல்லாம் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. இதற்குப் பெயர் அட்சார்ப்ஷன். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி.

இரண்டு சொல்லும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல் அல்ல. வாயுக்கள் திடப்பொருளின் பரப்பில் படிவதைக் குறிக்க 1881-இல் ஜெர்மானிய இயற்பியலர் ஹைன்ரிஷ் கைசர் இச்சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். யோசனை சொன்னவர் உடலியங்கியலர் எமில் டு புவா-ரேமோன். பழைய சொல்லின் முன்னொட்டு மட்டும் மாறியது. லத்தீனில் 'அட்' என்றால் 'நோக்கி'. அடுத்த பாதியான 'சார்பேரே' உறிஞ்சுவதையே குறிக்கிறது. குழப்பத்தின் வேர் அதுதான்.

இலங்கை வழக்கான 'புறத்துறிஞ்சல்' அந்த வேரை அப்படியே தமிழாக்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'பரப்புக் கவர்தல்' உறிஞ்சலை விட்டுவிட்டு நிகழ்வைப் பார்க்கிறது. என் வாக்கு இதற்கே. 'ஒட்டுதல்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது இரு பொருள்களின் பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அட்ஹீஷனுக்குப் போய்விட்ட சொல்.

டி.என்.ஏ. விஷயத்தில் கவர்தல் இரு விதமாக நடக்கிறது. இழையில் வரிசையாக அமைந்த காரங்கள் (பேஸ்) என்ற அலகுகள் தாமாகவே தங்கத்தைப் பற்றும். அடினின் வலுவாக, தைமின் மிக மெலிதாக. அப்படிப் பற்றிய இழை பரப்பின்மேல் படுத்துவிடும். இழையின் ஒரு முனையில் கந்தகம் கொண்ட தயோல் தொகுதியை இணைத்தால் கந்தகமும் தங்கமும் வலுவான பிணைப்பில் சேர்கின்றன. இது வேதிப் பரப்புக் கவர்தல். 1996-இல் வேதியியலர்கள் சாட் மிர்கின், பால் அலிவிசாட்டோஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே இவ்வழியில்தான் தங்க நுண்துகள்களில் டி.என்.ஏ.வைப் பொருத்தின. பிறகு மெர்காப்டோஹெக்சனால் என்ற சிறு மூலக்கூறைச் சேர்த்தால் அது காரங்களைப் பரப்பிலிருந்து விலக்கும். முனை மட்டும் பற்றியிருக்க, இழை எழுந்து நிற்கும்.

நிற்கும் இழைகள் எவ்வளவு நெருங்கலாம் என்பதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இழையின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். கரைசலில் உப்பு கூடினால் அந்தத் தள்ளுகை மறைக்கப்பட்டு இழைகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சம் கோடி முதல் பத்து லட்சம் கோடி இழைகள் வரை நிற்பது வழக்கம். டி.என்.ஏ.வைக் கண்டறியும் உணர்விகளில் (சென்சார்) அளவுக்கு மீறிய நெருக்கம் ஆகாது, நிற்கும் இழையோடு ஜோடி சேர வேண்டிய இணை இழை உள்ளே வந்து சேர இடமிருக்காது. இந்த நெருக்கத்தைச் 'செறிவு' என எழுதினால் கரைசலின் செறிவோடு குழம்பும்; 'பரப்படர்த்தி' என்பதே பொருத்தம்.